சைக்கிள் பாதைக்கு முதல் குற்றி வைத்தவன்

ஐஸ் ஆலை கட்டினேன். உப்புக் காற்றில் தகரக் கூரை இரண்டு வருடம் தாங்காது என்றார்கள். என்னுடையது இன்னும் நிற்கிறது. வெங்காயத்துக்கு ஸ்டோர் கட்டினேன். உச்சமுனைப் படகுகளுக்கு இறங்குதுறை கட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் முதன்முதலில் கட்டியது ஒரு சைக்கிள் பாதை. சொன்னால் டவுனில் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

போன மாதம் பெரிய வீதியோரம் சைக்கிள்காரருக்கென்று பாதை திறந்தார்கள். இந்தக் கரையிலேயே இதுதான் முதல் பாதை என்று மேடையில் இஞ்சினியர் தம்பி சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா உப்பளத்துக்கு விடிய சைக்கிளில் போவார். தார் வீதிக்கும் முள்வேலிக்கும் நடுவே கிறவல் மண் இறுகிய ஓரம்தான் சைக்கிள்களின் வழி. முந்துகிற பஸ்ஸும் லொறியும் அதிலும் ஏறிவரும். ஒரு நாள் லொறிக்கு ஒதுங்கி வேலியில் விழுந்து, முழங்கை கிழிந்து வந்தார். அடுத்த தரம் ஆளே மிஞ்சாது என்று உம்மா அழுதார்.

நான் அழவில்லை. தென்னந்தோட்டத்தில் தறித்துக் கிடந்த மரக் குற்றிகளைப் பள்ளிக்கூடம் விட்டுவந்து நாலு நாள் உருட்டினேன். எங்கள் வேலி தொடங்கிச் சந்தி வரைக்கும், தாரோரமாக, ஒரு சைக்கிள்கூட நுழையாத நெருக்கத்தில் நிறுத்திச் சுண்ணாம்பும் பூசினேன். இரண்டு நாள் வாப்பா ராஜா மாதிரிப் போனார்.

மூன்றாம் நாள் கழுதைகள் வந்தன. எங்கள் ஊர்க் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. வாகனம் வராத இடம் கண்டால் படுத்துவிடும். விடிய உப்பளத்து ஆட்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் மாமா. ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் குற்றி, எதிரே ஏழு கழுதை.

"டேய், இது பாதையா, கழுதைப் பட்டியா?"

"எழுப்புங்க மாமா!"

"உன்ன மாதிரித்தான்டா, சொல்லுக் கேக்குதில்ல!"

"மச்சான், ஒரு சலாம் சொல்லிப் பாருங்க, எழும்பும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி வெளியேறினார்கள்.

பின்னேரம் வாப்பா கட்டுப்போட்ட கையோடு வந்து, நாலுக்கொரு குற்றியாக உருட்டி எடுத்தார்.

"ஏன் வாப்பா உடைக்கிறீங்க?"

"உடைக்கல்ல மகன். தள்ளி நில்லு."

ஒரு கிழமை, ஏழு நாளும், அவரோடு நான் கதைக்கவில்லை. மானம் போனதென்று என் வேலையைக் கலைக்கிறார் என்றே நினைத்தேன். மறுநாளே கழுதை கிடந்த இடத்தில் சைக்கிள்கள் இடைவெளியால் வெளியே போய், அடுத்த இடைவெளியால் உள்ளே வந்தன. லொறி மட்டும் நுழையவில்லை. அதைக் கண்ணால் கண்டும் எனக்கு விளங்கவில்லை.

இந்தப் புதுப் பாதையிலும் நெருக்கமாகக் கொங்கிரீட் தூண், மறுபக்கம் மதில். இரண்டாம் கிழமையே கழுதைகள் வந்து படுத்தன. இஞ்சினியர் தம்பியின் கந்தோருக்குப் போனேன்.

"தம்பி, இடையில வழி விடுங்க."

"பிளான்ல அப்படித்தான் இரிக்கு ஹாஜியார்."

"பிளான் போட்டவர் சைக்கிள் ஓடுறவரா?"

"அவர் கார்லதான் வருவார்."

நாலு தரம் போனேன். நேற்றுத்தான் நாலுக்கொரு தூணைக் கழற்றினார்கள். அதையும் தங்கள் யோசனை என்கிறார்கள். பாதைத் தொடக்கத்தில் பெயர்ப்பலகை வைக்கப் போகிறார்களாம். அதில் என் பெயர் வேண்டும். வாப்பாவின் பெயர் அதற்கு மேலே வேண்டும்.