அடையாள அட்டைக் கேமரா

பழைய கேமராக்களைத் தேடி வாங்கி, சுத்தம் செய்து, அவற்றின் வரலாற்றையும் நிறைகுறைகளையும் யூடியூபில் பேசிப் போடுவது என் வழக்கம். இலங்கை மலையகத்து ஹட்டனின் ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே பெரும்பாடு. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "என்ன விலை?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன மாதம் ஒரு இரட்டை லென்ஸ் கேமரா கிடைத்தது. மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவுடையது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்கு இதைக் கொண்டுபோய்த்தான் அடையாள அட்டைக்குப் படமெடுத்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படங்களில் பல, அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கியவை. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

செல்போனைக் கேமராவுக்கு நேரே நிறுத்திப் பதிவைத் தொடங்கினேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவை, செல்போனுக்குப் பின்புறமாக, கேமராவுக்கு முன்னால் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் முதுகை நிமிர்த்தி முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் சிரிங்க அக்கா."

"இதுல படம் புடிக்கையில சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே தம்பி. சிரிச்சா ஐடி வராதாம்."

"பயப்படாதீங்க. உள்ள பிலிமே இல்ல."

"பிலிம் இல்லையா?" என்றவர், பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். நான் ஷட்டரை அழுத்தினேன்.

காணொளியில் கேமரா மட்டும்தான் தெரிகிறது. அக்காவின் சிரிப்புச் சத்தத்தை நான் வெட்டவில்லை. காணொளிக்குக் கீழே முதல் ஆள் எழுதியிருக்கிறார்: "என்ன விலை?"