உப்பு தின்ற டாக்ஸி

அறுபதுகளில் ஒரு காலை, மாட்டுங்காவில் நான் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர் ஒடிசலான மனிதர். வண்டி நின்ற இடத்திலெல்லாம் குனிந்து, காலடியிலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“எதைத் தேடறேள்?”

“ஓட்டையத்தாம்மா. வெடியக்காலம் மீன்கூடை ஏத்துதேன். ஐஸும் உப்பும் உருகி, ரப்பருக்கு அடியில நின்னு தகரத்தத் தின்னுட்டு.”

“தேங்காய்நார் விரிப்புன்னா எடுத்து உலர்த்தலாமே?”

“அது தண்ணியக் குடிச்சிட்டு நாறும். நீங்க ஏறுவீயளா?”

நான் பேச்சை மாற்றினேன். “மீனை விட்டுடுங்கோளேன்.”

“அந்த மீன்காரப் பொம்பளையள வேற எந்த வண்டியும் ஏத்தாதும்மா.”

வண்டி அடுத்து நின்றபோதும் அவர் குனிந்தார். நான் இறங்கும்போது தரைத்தகடு என் காலடியில் மெல்ல அமுங்கியது. எந்த விரிப்பை அவர் தேர்ந்தெடுத்தாரோ, அறியேன். நாறினாலும் ஏறுவேன் என்று அன்று நான் சொல்லியிருக்கலாம்.