கலாஜினியின் நான்கு சில்லுகள்

செருப்பைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு, வலது குதிகாலைச் சேற்றில் ஊன்றி, கலாஜினி வாய்க்குள் எண்ணுகிறாள். பத்து எண்ணுவதற்குள் குதிகால் கெட்டி மண்ணைத் தொட்டால் அந்த இடத்தால் கெப் வாகனம் போகும். தொடாவிட்டால் போகாது, பின்னால் இருப்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. பிறகு காலைக் கழுவாமலே ஏறி, சேற்றுப் பாதத்தால் கிளச்சை மிதிப்பாள்.

நாற்பத்தொரு வயது. பனிச்சங்கேணிக் களப்பு என்ற உப்பேரியின் ஓரத்தில், நான்கு சில்லும் சேர்ந்திழுக்கும் ஒரு பழைய கெப்பைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறாள். காலையில் நண்டும் இறாலும் ஏற்றுவாள். மாரியில் வீதி தண்ணீருக்குள் போய்விட்டால், களப்போரமாக உள்ளே தள்ளி இருக்கும் நாற்பது வீட்டாருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக அவளை விட்டால் வழியில்லை. கண்டல் மரங்களுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் சேற்று வெளியைக் குறுக்கே கடக்க வேண்டும்.

ஆட்களை முகத்தைவிட ரயரால்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசல் மண்ணைப் பார்த்தே, "கிரிசாந்த் வந்திட்டுப் போயிருக்கான். முன்சில்லு உள்பக்கமாத் தேயுது, சொல்லோணும்" என்பாள். கடைகளில் புது ரயர் கண்டால் உள்ளங்கையை அதன் பற்களுக்கு நடுவே விட்டுப் பார்ப்பாள். விரல் ஆழமாகப் போகாவிட்டால் உதட்டைச் சுழிப்பாள். "இது மண்ணக் கடிக்காது. நக்கும்."

முன்பு அவளிடம் இருந்தவை அகலச் சில்லுகள். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் கணவன் சுபாகரன், அங்கே வரும் ஜீப்புகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டியவை. பளபளக்கும் அலோய் றிம். தலையணை போல ரயர். காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் கடற்கரை மணலில் மிதந்து போகும். சேற்றிலும் அது மிதக்கத்தான் பார்த்தது. பிழை அங்கேதான் நடந்தது.

போன மாரியில், கார்த்திகை மாதம், நண்டுக் கூடு தூக்கப்போன நாகரெத்தினத்தைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. அவருடைய தம்பி கனகசூரியம் அவரைத் தூக்கிவந்து பின்சீற்றில் கிடத்தினார். வெளியின் நடுவில் கெப் பக்கவாட்டாக வழுக்கிப்போய் அச்சுவரை புதைந்தது. கனகசூரியம் உழவு மெசின் கொண்டுவர ஓடினார். பட்டப்பகல், ஆனால் மழை கண்ணாடியை வெள்ளையாக மூடியிருந்தது. கலாஜினி பின்னால் ஏறி நாகரெத்தினத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, ஆரோ வாறாங்க" என்றார் அவர்.

"தம்பிதான், அண்ணன். மெசின் கொண்டு வாறார்."

"இல்ல. களப்புப் பக்கத்தால."

அவள் காதில் மழை மட்டுமே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு நின்றது.

கதவைத் திறந்து காலை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். கெப்பை ஒட்டி, கை எட்டும் தூரத்தில், புதிதாக ஒரு வாகனத் தடம். பற்கள் பதிந்த குழிகளில் மழைத்தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. தடம் களப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ஏறி, எங்கும் புதையாமல், ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு நேராகப் போயிருந்தது. எஞ்சின் சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. இறந்தவர் கெப்பில் கிடக்க, அவள் மழையில் குந்தியிருந்து அந்தத் தடத்தைச் சாணால் அளந்தாள். போனில் படமும் பிடித்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளிடம் கேட்டால், "கை தானாப் போச்சு" என்பாள்.

நாகரெத்தினத்தின் எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே ரயர் தேடக் கிளம்பினாள். வாழைச்சேனையிலும் ஏறாவூரிலும் கடைக்காரர்கள் அவளுக்குப் பெரிய பெரிய சேற்று ரயர்களை உருட்டிக் காட்டினார்கள். அவள் போனை நீட்டி, "இந்தக் கடி வேணும்" என்றாள். ஓட்டமாவடியில் மஜீட் காக்கா என்ற முதியவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இத எங்க புடிச்ச புள்ள?"

"எங்கட வெளியில, காக்கா."

"இந்த ரயர் இப்ப வாறல்ல. கடசியா நான் இதக் கழட்டினது தொண்ணூறுக்கு முந்தி. அந்த ஜீப்பும் இல்ல, அதுல போன ஆக்களும் இல்ல." போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு முறை பார்த்தார். "ஒரு பல்லு ஒடஞ்சிரிக்கி. பாரு, அந்த எடம் திரும்பத் திரும்ப வருது. எத்தின சாணுக்கு ஒருக்கா வருது?"

"பதினொண்டரை. அகலம் ஒரு சாணுக்கு ரெண்டு விரல் குறைவு."

மஜீட் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். "ஏழரை இஞ்சி. பதினாறு இஞ்சி றிம்." குரல் தணிந்திருந்தது. "ஓடினது ஆரா இரிந்தாலும் சேறு தெரிஞ்ச ஆள். அகலச் சில்லு மேல மிதக்கும், ஒடுக்கச் சில்லு அடியத் தேடும். ஒங்கட வெளியில ஒரு முழச் சேத்துக்குக் கீழ களி கெட்டி. பல்லுக்குப் பல்லு எடவெளி இரிக்கணும், சேறு தானாக் கழண்டு விழணும். அலோயும் வாணாம், அடிபட்டா வெடிச்சிடும். இரும்பு வளைஞ்சா சம்மட்டியால நிமித்தலாம்."

அந்த அளவில், கிட்டத்தட்ட அதே கடியில், நான்கு ரயர்களை அவர் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார். பூட்டிய பிறகு கலாஜினி ஸ்ரேரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ரயர் எங்காவது உரசுகிறதா என்று கீழே படுத்துப் பார்த்தாள். உரசவில்லை. சுபாகரன் தூர நின்று, "மாட்டு வண்டி போலக் கிடக்கு" என்றான். அலோய் றிம்களை அவன் இன்னும் விற்கவில்லை. சாக்கால் மூடி வைத்திருக்கிறான்.

இந்த மாரியில் நிறைமாதமாயிருந்த சீதேவிப்பிள்ளைக்கு வலி கண்டபோது வீதி மூன்று நாளாகத் தண்ணீரில். கலாஜினி அவளை ஏற்றிக்கொண்டு வெளியில் இறங்கினாள். முன்பு கெப் புதைந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் குதிகாலை ஊன்றிப் பார்க்க இறங்கப் போனாள், இறங்கவில்லை. முன்னால் தடம் கிடந்தது. புதிது. ஒரு பல் இல்லாதது. அது வளைந்த இடத்தில் வளைத்தாள், நிமிர்ந்த இடத்தில் நிமிர்த்தினாள். ஒடுக்கச் சில்லுகள் சேற்றை வெட்டி இறங்கி, அடியில் களியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன.

வலிக்கு நடுவில் சீதேவிப்பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தாள். "முன்னுக்குப் போறது ஆர்ர வாகனம் கா?"

"நம்மட ஆக்கள்தான். நீ படு."

பெண் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பிறந்தது. திரும்பி வருகையில் வெளியில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது, அவளுடையது. அவள் அதைப் பற்றி எவரோடும் பேசுவதில்லை. கேட்டால், "காத்து இருவத்தெட்டு வைக்கோணும், அதுக்கு மேல போனாக் கடிக்காது" என்று ரயரைப் பற்றிச் சொல்வாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், வெறும் நண்டுப் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தாள். முன்சீற்றில் கனகசூரியம். அண்ணன் செத்த பிறகு அவர் அந்த வெளியைத் தனியே கடப்பதில்லை. ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய கெட்டி மண் திட்டு முன்னால் நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் சேறு. வெயிலில் கொக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

கலாஜினி வேகத்தைக் குறைத்தாள். இடப்பக்க சிக்னலைப் போட்டாள். திட்டுத் தொடங்குமுன்பே கெப்பை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினையும் நிற்பாட்டினாள்.

"ஆருக்குப் பிள்ள?" என்றார் கனகசூரியம்.

திட்டின் மறுகோடியில் நின்ற கொக்குகள் எழும்பின. பிறகு அதற்கு இப்பால் நின்றவை. பிறகு கிட்ட நின்றவை.

அவள் கண்ணாடியை இறக்கி, எதிரே வரும் சாரதிக்கு வழிவிட்டவர்கள் தூக்குவது போல, வலது கையை மெல்லத் தூக்கினாள்.