புளி மூட்டையும் பத்துப் பொருத்தமும்

எண்பதுகளில் ஒருநாள், எனக்குப் பெண் பார்க்க அப்பாவும் நானும் அரூர் பஸ் ஏறினோம். பத்துக்கு ஆறு பொருத்தம்தான் என்று அப்பா அரை மனதாகவே வந்தார்.

பக்கத்து இருக்கையில் ஒரு வழுக்கைத் தலையர். தினம் பஸ் கூரையில் எத்தனை புளி மூட்டை ஏறுகிறது, பஸ் எவ்வளவு தாமதம் என்று ஜன்னல் தூசியில் நாளுக்கொரு புள்ளி வைத்து, நடுவே கோடு இழுத்தார்.

“மூட்டை ஏற ஏற லேட்டுங்க. கோட்டுப்படி இன்னிக்கு அரை மணி லேட்டாகும்.”

“ஒரு புள்ளிகூட கோட்டு மேல இல்லீங்களே?” என்றார் அப்பா.

“எல்லாம் பக்கத்துல நிக்குதுங்களே. பொருத்தம்னா அதாங்க.”

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

பஸ் முக்கால் மணி தாமதம். “பாத்தீங்களா, பக்கத்துலதான்” என்று பூரித்து இறங்கிப் போனார் அவர்.

அன்று பார்த்த பெண்தான் என் மனைவி. இன்றும் நாங்கள் ஒரே கோட்டில் இல்லை. பக்கத்தில்தான் இருக்கிறோம்.