சரசு வேண்டிக்கொண்ட கிரிவலம்

மாவுக்கடை அருணாதேவி ஐந்து மாத வயிற்றோடு புருஷனை விட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் பேச்சு. வேன் ஓட்டும் அந்தப் புருஷன் முருகவேல் அவள் சங்கிலியை அடகு வைத்து பைக் வாங்கிவிட்டானாம்.

விசாரிக்காமல் இருக்க முடியுமா? எதிர்வீட்டுச் சரசு பால்காரரைக் கைகாட்டினாள். பால்காரர் அயர்ன்காரரை. அயர்ன்காரரிடம் சொன்னவளோ, சாட்சாத் அருணாதேவி. பைக் மட்டும் யார் கண்ணிலும் பட்டதில்லை.

நடந்தது வேறு. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் கோளாறு. பனிக்குட நீரைச் சோதித்ததில், இரண்டாக இருக்க வேண்டிய பதினெட்டாவது குரோமோசோம் மூன்றாக இருந்தது. வேலூர் டாக்டரம்மா பூசி மெழுகவில்லை.

"வயித்துலயே போயிடலாம். பொறந்தாலும் பெரும்பாலும் சில நாள், சில வாரம்தான். ஒரு வயசு தாண்டறது ரொம்பக் கம்மி. வச்சிக்கறதா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கத் தெரு விடுமா? மாவு வாங்க வரும் தூக்கு ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்போடு வரும். சாமி கொடுத்தது என்று ஒன்று, உடனே கலைத்துவிடு என்று ஒன்று, கிரகணத்தில் வெளியே வந்தாயா என்று ஒன்று. மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிற ஊர். ஆளுக்கொரு லிங்கத்துக்கு அனுப்பிவைப்பார்கள். தெருவின் வாய்க்கு வேறு தீனி வேண்டும்.

"நீ குடிச்சிட்டு வந்து அடிச்சன்னு சொல்லிடறேன்," என்றாள் அருணாதேவி.

"குடி வேணாம். அப்புறம் எவனும் சவாரிக்குக் கூப்பிடமாட்டான். பொம்பளை விவகாரம்னு சொல்லு," என்றான் முருகவேல்.

"நம்பணும்ல."

பைக் அப்படி வந்ததுதான்.

சவாரி என்று சொல்லிவிட்டு முருகவேலும் கீழ்பென்னாத்தூர் வந்தான். அம்மா வீட்டு மொட்டைமாடியில் தொந்தரவு செய்ய ஆளில்லை. "நீ சொல்றதுதான் அருணா," என்றான்.

"மொத்தத்தையும் என் தலையில கட்டாத. உனக்கு என்ன தோணுது?"

முருகவேல் சொன்னான்: "அது மூச்சுக்குத் திணறறத பாத்துக்கினு நிக்க என்னால ஆவாது."

"என்னாலயும்."

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்துக்கொண்டார்கள். இறுக மூடியிருந்த அந்தச் சின்னக் கையை அவள் ஒருதரம் தொட்டாள்.

இருவரும் வீடு திரும்பியதும் தெரு தீர்ப்பெழுதிவிட்டது: பைக் பிள்ளையைத் தின்றுவிட்டது. "புள்ளத்தாச்சிய அழவச்சா வயித்துல தங்குமாடா?" என்று சரசு முகத்துக்கு நேரே கேட்டாள். முருகவேல் வேனைக் கழுவிக்கொண்டே இருந்தான். அவன் பழி சுமப்பதை மட்டும் அருணாதேவியால் தாங்க முடியவில்லை. சரசுவை உள்ளே இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சரசு அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே பால்காரரிடம் போனாள். "பைக்க வித்துச் சங்கிலிய அடகுலருந்து மூட்டுட்டானாம். தங்கமான புள்ள. கரு நிக்காததுக்கு அவன் என்ன பண்ணுவான்?" சாயங்காலத்துக்குள் முருகவேல் தங்கமாகிவிட்டான்.

சரசுவுக்கு ஒரே ஒரு சிக்கல்.

"நீங்க ஒண்ணு சேந்தா வெறுங்காலோட மலைய சுத்தறேன்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினேன்டி. நீங்கதான் பிரியவே இல்லையே. இப்ப நான் சுத்தணுமா, வேணாமா?"

"வாங்கக்கா, நானும் கூட வரேன்."

"நீ வருவ. என் முட்டி வரணுமே."

இரண்டு பௌர்ணமி போய்விட்டது. அண்ணாமலையார் இன்னும் கேட்கவில்லை. சரசுவும் ஞாபகப்படுத்தவில்லை.