பிளக்கில் நெருப்பு வரவில்லை

சுவிச்சை அமத்தினால் மோட்டார்சைக்கிளின் என்ஜின் நன்றாகத்தான் சுற்றியது. பிடிக்கத்தான் இல்லை. காலால் உதைத்தும் பார்த்தேன். இருமல்காரனைப்போல ஒருதரம் செருமிக்கூடக் காட்டவில்லை. விடியக் காலமை ஐந்தரை மணி, நான் சேலை உடுத்து, சான்றிதழ்க் கோவையோடு வாசலில் நிற்கிறேன்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு வவுனியாவில் எனக்கு நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு. பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்தேன். தொண்டு என்று பெயர் வைத்துவிட்டால் ஆளை நிரந்தரமாக்கத் தேவையில்லை என்று யாரோ கெட்டிக்காரர் கண்டுபிடித்திருக்கிறார். அவ்வளவு காலத்துக்கும் வந்த ஒரே அழைப்புக் கடிதம் இதுதான். அடுத்த மாதத்தோடு எனக்கு வயதெல்லை முடிகிறது. இதை விட்டால் வேறு ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நெடுங்கேணி எட்டுக் கிலோமீற்றர். அதில் பாதி காடு. ஆறேகாலுக்கு வவுனியா பஸ். அடுத்த பஸ்ஸில் ஏறினால் ஒன்பது மணிக்கு ஓமந்தையைக்கூடத் தாண்ட முடியாது. கணவர் வயலில், காவல் கொட்டிலில் இருந்தார். கதிர் முற்றி யானை இறங்குகிற காலம் அது. முதல்நாள் பொழுதுபட, பக்கத்துக் காணிக்காரரின் உழவு மெசினில் ஏறும்போது, "மோட்டார்சைக்கிள் நிக்கட்டும், காலமை நீர் கொண்டு போம்" என்று சொல்லித்தான் போனார்.

போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இஞ்சருங்கோ, ஸ்ராட் வருதில்லை. சுத்துது, பிடிக்குதில்லை."

"பெற்றோல் இருக்கோ?"

மோட்டார்சைக்கிளை ஆட்டினேன். ராங்கிக்குள் பெற்றோல் சளக் என்றது. "இருக்கு."

"சோக்கை இழுத்துப்போட்டு அடியும்."

இழுத்தேன், அடித்தேன். இல்லை. ஹாண்டிலில் இருக்கிற, என்ஜினை நிப்பாட்டுகிற சிவப்புச் சுவிச்சைப் பார்க்கச் சொன்னார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. திரும்ப அடித்தேன். சுற்றுகிற சத்தம் இப்போது கொஞ்சம் இளைத்திருந்தது. பற்றரியும் போனால் கதை முடிந்தது.

"கூட அடிச்சிட்டீர். பெற்றோல் கூடிப்போச்சுது. பத்து நிமிசம் விட்டிட்டு அடிச்சுப் பாரும்."

பத்து நிமிடம்! நான் நாலு நிமிடம் பொறுத்தேன். அதற்குள் மணிக்கூட்டை ஏழெட்டுத் தரம் பார்த்திருப்பேன். என்ன பொறுமை இந்த மனிசனுக்கு என்று அப்போது நினைத்தது நல்ல ஞாபகம். வேறு நாளென்றால் அவருடைய திருத்துகிற சாமான் பையில் நான் கை வைத்தாலே சன்னதம் ஆடுவார். அன்றைக்குக் குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்.

திரும்பவும் இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினேன். பிளக் நனைந்திருந்தது, பெற்றோல் மணத்தது. அப்படியென்றால் பெற்றோல் வருகிறது. எட்டாம் வகுப்புக்கு எரிதல் படிப்பிக்கிற எனக்கு மிச்சத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிளக்கை அதன் தொப்பியில் திரும்பச் செருகி, என்ஜின் இரும்பில் முட்டப் பிடித்துக்கொண்டு சுவிச்சை அமத்தினேன். இன்னும் இருட்டு விலகவில்லை. ஒரு பொறி பறந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பறக்கவில்லை.

"பிளக்கில நெருப்பு வரேல்லை" என்றேன்.

போனுக்குள் தூரத்தில் யாரோ யானை கலைக்கத் தகரம் தட்டுவது கேட்டது.

"அப்ப உள்ளுக்க ஏதோ எரிஞ்சுபோச்சுது. கராச்சிலதான் பாக்கவேணும். விடும், அடுத்தமுறை பாப்பம்."

அடுத்தமுறையாம். என் வயதெல்லை தெரியாத மனிசனா இவர்? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"நான் நடந்து போறன். வழியில ஏதும் வாகனம் வரும்."

"விசரோ உமக்கு? பாலத்தடியில ரெண்டு நாளா ஆனை நிக்குது!"

"நிண்டா நிக்கட்டும்" என்று போனை வைத்தேன்.

கோபம் வளவு வாசல்வரைதான் துணைக்கு வந்தது. தார் றோட்டு காட்டுக்குள் நுழைகிற வளைவில் யானை லத்தி கிடந்தது. காயாத லத்தி. பயந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது? கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வலப்பக்கப் பற்றைக்குள் ஒரு கொப்பு முறிந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. கைக்குள் போன் அதிர்ந்தது. இரண்டு தரம் வெட்டிவிட்டேன், இது மூன்றாந்தரம் எடுக்கிறார்.

"எங்க நிக்கிறீர்?"

"காட்டுக்குள்ள."

அவருக்கு மூச்சு வாங்கியது. வரம்பில் ஓடி வருகிறார் என்று தெரிந்தது. "திரும்பும். திரும்பி வீட்டை போம். பற்றரி மூடியைத் திறந்து பின்பக்கம் கையை விடும். பிளக்குக்கு நெருப்பு வராமல் வெட்டுற சின்னச் சுவிச் ஒண்டு இருக்கு. கள்ளருக்கெண்டு போன மாசம் பூட்டினது. மேல தட்டிவிடும், பிடிக்கும்."

யானையை மறந்து நடு றோட்டில் நின்றேன். முதல்நாள் பின்னேரம்தான் அதே மோட்டார்சைக்கிளில் நெடுங்கேணிக்குப் போய்ச் சான்றிதழ்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரே அமத்தலில் பிடித்தது.

"நேற்று நான் கொண்டுவந்து விட்டாப் பிறகு அதை ஆர் கீழ தட்டினது?"

அவருடைய ஓட்டம் நின்றுவிட்டது.

"கேக்கிறன்."

"வேலை தந்து உம்மை எந்த மூலைக்குப் போடுவாங்களோ தெரியாது" என்றார். "நீர் போனா நான் தனிய எல்லோ இருக்கவேணும்."

பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் இருபது நிமிடம், சோக்கை இழு, பிளக்கைத் துடை, பத்து நிமிடம் பொறு என்று அந்த மனிசன் என்னைக் குந்தவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். நல்லாய் ஏச வாய் வரை வந்தது. கூடவே இரக்கமும் வந்து தொலைத்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். போனை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

பிளக்கைப் பூட்டினேன். மூடிக்குப் பின்னால் கையை விட்டேன். விரல்நகமளவு சுவிச். தட்டிவிட்டு அமத்தினேன், பிடித்துவிட்டது.

நெடுங்கேணிச் சந்திக்குப் போனபோது பஸ் போய்விட்டிருந்தது. நான் இறங்கவேயில்லை. அப்படியே புளியங்குளத்துக்கு ஓடி, பெரிய றோட்டில் ஏறினேன். அவ்வளவு தூரம் நான் அதற்கு முன் ஓடியதில்லை. லொறிகள் காதோடு உரசிக்கொண்டு போயின, ஒவ்வொரு தரமும் ஓரங்கட்டி நின்று நின்றுதான் போனேன். ஓமந்தை தாண்டும்போது சேலை முழுக்கப் புழுதி. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க நேர்முகத் தேர்வு நடக்கிற கட்டடத்துக்குள் நுழைந்து, பைப்படியில் கையைத் தேய்த்துக் கழுவினேன். நக இடுக்கில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.

உள்ளே இரண்டு ஐயாமாரும் ஒரு அம்மாவும் இருந்தார்கள். பாடத்தில் கேட்டார்கள், சொன்னேன். கடைசியாக அந்த அம்மா என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"கிடைச்சா முதல் மூண்டு வருசம் தூரத்துப் பள்ளிக்கூடத்திலதான் இருக்கவேண்டி வரும். கலியாணம் கட்டின ஆள். அவருக்குச் சம்மதமோ?"

கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

"ஓம் மிஸ். காலமை மோட்டார்சைக்கிள் பிடிக்கேல்லை. அவர்தான் ஸ்ராட் ஆக்க வழி சொல்லி அனுப்பினவர்."

"குடுத்து வைச்சனீங்கள் ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டு அந்த அம்மா தாளில் சரி போட்டார்.