அத்தை போட்ட வரிசை

சென்ற மாதம் அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. நல்ல தலைவருக்கு இருக்க வேண்டிய குணங்களை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மளமளவென்று எழுதினார்கள். எனக்கு அப்பாவின் அக்கா நினைவுக்கு வந்தாள். கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

நான் ஆறாவது படித்த வருஷம் அது. திண்டுக்கல்லில் அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. இடையில் வாரம் இரண்டு தடவை தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வரும். வந்ததும் சண்டை தொடங்கும். ஒருநாள் குடம் பட்டு ஒருவருக்கு நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு யாராவது பொறுப்பெடுத்து வரிசை போட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். முதலில் எதிர்வீட்டுக்காரர் எடுத்தார். ஒரு விசில் வாங்கிப் பத்து நாள் ஊதினார். அவர் வீட்டு அண்டா மட்டும் எப்படி நிறைகிறது என்று யாரோ கேட்டதும் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்துத் தெரு முழுக்க அத்தையிடம் வந்து நின்றது.

அத்தை எங்களோடு இருந்தாள். நூல் மில்லில் வேலை. பிள்ளைகள் கிடையாது என்பதால் ஓரவஞ்சனை செய்ய மாட்டாள் என்று தெருக்காரர்கள் நினைத்தார்கள். நம் வீட்டு ஆளே வரிசை போட்டால் இனி நமக்குக் கவலையில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

அத்தை சொன்னது இரண்டே விஷயம். வீட்டுக்கு ஐந்து குடம். எங்கள் வீடு கடைசி. மற்ற வீடுகளுக்கு ஒவ்வொரு முறையும் இடம் மாறும். எங்களுக்கு மட்டும் மாறவே மாறாது.

"ஏன் மதினி, வரிசை போடுறவுகளே கடைசியில போயி நிக்கணுமா?" என்று அம்மா கேட்டாள்.

"கடைசி வீட்டுக்கு வருதா இல்லையான்னு எனக்குத் தெரியணும்ல" என்றாள் அத்தை.

லாரியின் அடியில் கிடந்த துருத்தண்ணீர் எங்களுக்கு வந்தது. அதை வேட்டித் துணியில் வடிகட்டுவது என் வேலை. வடிகட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வாசலில் நின்று திட்டு வாங்கினேன். அன்றைக்கு வரிசையில் முதலில் நின்ற வீட்டுப் பெண்ணோ தலைக்குக் குளித்து, பூ வைத்து, முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. நத்தத்திலிருந்து அம்மாவின் அண்ணன் சீரோடு வருகிறார்; கூட நாற்பது பேர். இந்த ஒரு தடவை மட்டும் நம் குடங்களை முன்னால் விடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். "பாப்போம்" என்றாள் அத்தை. அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் நானே ஐந்து குடங்களையும் வரிசையின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் விசேஷம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அத்தை வந்தாள். குடங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடைசிக்குக் கொண்டுபோனாள். ஐந்து நடை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பார்த்து லாரி முழு லோடு கொண்டுவரவில்லை. எங்களுக்கு முந்தின வீட்டோடு தண்ணீர் தீர்ந்துபோனது. அந்த வீட்டுக்காரி போன வாரம்தான் அத்தையை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கண்டபடி ஏசியிருந்தாள். அவளுடைய ஐந்தாவது குடத்துக்கு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அத்தைதான்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் நாலைந்து பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஏசியவளும் வந்திருந்தாள். அத்தை வாசலை மறித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு அஞ்சுன்னு நாந்தேன் சொன்னேன். உங்ககிட்ட ஒண்ண வாங்குனா உங்களுக்கு நாலுதேன். கொண்டு போங்கத்தா."

குடங்கள் திரும்பிப் போயின. அடுப்படியில் அம்மா கரண்டியைப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு மூன்று நடை போய்வந்தார். சாப்பிட்டு எழுந்த மாமாவுக்குக் கை கழுவ ஒரு டம்ளர் தண்ணீர்தான் கொடுக்க முடிந்தது. "அடுத்த விசேஷத்துக்கு நத்தத்துலருந்து தண்ணியும் கொண்டாந்துர்றோம் தங்கச்சி" என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்றோடு அத்தையிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள். எது சொல்வதானாலும் நடுவில் நான் போய்வந்தேன்.

ஒரு மாதம் கழித்து லாரி சுத்தமாக நின்றது. போய்க் கேட்டவர்களிடம் வரும், வரும் என்றார்கள். எட்டாவது நாள் காலையில், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அத்தை வீட்டுக்குள் காலடி வைக்காமல் வாசலில் கிடந்த ஒரு காலிக் குடத்தை எடுத்தாள். தெருவில் நின்றவர்களிடம், "நான் மெயின் ரோட்டுல போயி ஒக்காரப் போறேன். வாரவுக வாங்க" என்றாள். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். இப்படியா ஆள் சேர்ப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகப் போய் உட்கார்ந்து நம் மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். இரண்டு குடங்களை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"நீதேன் அத்தைகூடப் பேச மாட்டியே. நீ எதுக்குப் போற?"

"பேசாததுக்கும் இதுக்கும் என்னடி? பேசாம நட."

பின்னால் கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவே எங்களுக்குப் பின்னால் நின்றது. ஏசியவள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பஸ்கள் நின்றன. அதிகாரிகள் வந்து பேசினார்கள். மதியத்துக்குள் லாரி வந்துவிடும் என்றார்கள், வந்தது.

அதுவரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு தன் குடத்துக்குள் கையை விட்டு ஒரு சின்னத் தூக்குச்சட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ராத்திரி வேலை பாத்துட்டு வெறும் வயித்தோட ஒக்காந்திருக்காக. திங்கச் சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. இருந்தாலும் நான் சொன்னேன். அத்தை சட்டியில் இருந்த ஐந்து இட்லியையும் நிதானமாகத் தின்று முடித்துச் சட்டியை மூடினாள்.

"சட்னியில உப்பு கூடன்னு உங்கம்மாட்டச் சொல்லு" என்றாள்.

அம்மா அதைக் கேட்டும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தி பின்னால் இத்தனை பேர் எதற்கு வந்தார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன். வீட்டில் தண்ணீர் இல்லை, அதனால் வந்திருக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.